ஒரு மாத்திரை, இரண்டு விளைவுகள்: நோயெதிர்ப்புச் செல்களுக்குள் இருக்கும் உட்கரு ஏற்பிகள்

மூட்டுவாதத்தாலோ ஆஸ்துமாவாலோ அவதிப்படும் ஒருவருக்கு மருத்துவர் சில நாள்களுக்குப் பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை எழுதித் தருகிறார். காலைச் சாப்பாட்டுக்குப் பின் போடச் சொல்கிறார். இரண்டொரு நாளில் மூட்டு வீக்கம் வற்றுகிறது, மடக்க முடியாமலிருந்த விரல்கள் மடங்குகின்றன. அவருக்கு ஏற்கெனவே சர்க்கரை நோயும் இருந்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் குளுக்கோமீட்டரில் வைத்துப் பார்த்தால், நேற்றுவரை கட்டுக்குள் இருந்த அளவு கிடுகிடுவென ஏறியிருப்பது தெரியும். ஆனால் மறுநாள் விடிந்ததும் வெறும் வயிற்றில் பரிசோதிக்கும்போது அது பல வேளைகளில் பழைய நிலைக்கே திரும்பியிருக்கும். காலையில் போட்ட மாத்திரையின் வேகம் மதியத்திலிருந்து மாலைவரை ஓங்கியிருந்து இரவில் தணிந்துவிடுவதே இதற்குக் காரணம். வெறும் வயிற்றுச் சர்க்கரையை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

வீக்கத்தை வற்றச் செய்வதை மருந்தின் விளைவு என்றும், சர்க்கரையை ஏற்றுவதைப் பக்கவிளைவு என்றும் பிரித்துப் பேசி நாம் பழகிவிட்டோம். உடலுக்குள் அப்படியொரு பாகப்பிரிவினை கிடையாது. இரண்டு வேலையையும் செய்வது ஒரே புரதம். நோயெதிர்ப்புச் செல்லுக்குள் இருக்கும்போது அது அழற்சியை, அதாவது சிவந்து, சூடாகி, வீங்கி, வலிக்கும் அந்த எதிர்வினையை அடக்குகிறது. கல்லீரல் செல்லுக்குள் இருக்கும்போது குளுக்கோஸ் உற்பத்தியைக் கூட்டுகிறது. உட்கரு ஏற்பிகள் என்னும் பெரிய குடும்பத்தின் ஓர் உறுப்பினர் அது. கிருமியோடு போராடும் வேலையும், உணவை ஆற்றலாகவும் சேமிப்பாகவும் மாற்றும் வளர்சிதை மாற்றமும் உடலில் ஏன் இப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதை இந்தக் குடும்பத்தின் வழியே ஓரளவு புரிந்துகொள்ள முடியும்.

ஏற்பி என்பது குறிப்பிட்ட ஒரு வேதிப்பொருளைப் பிடித்துக்கொண்டு, அது வந்திருப்பதைச் செல்லுக்கு உணர்த்தும் புரதம். பெரும்பாலான ஏற்பிகள் செல்லின் வெளிச்சவ்வில் பதிந்திருக்கின்றன. இன்சுலின் போன்ற நீரில் கரையும் பெரிய மூலக்கூறுகளால் கொழுப்பாலான அந்தச் சவ்வைக் கடக்க முடியாது என்பதால், அவை வாசலில் நின்றபடியே சேதி சொல்லிவிட்டுப் போகும் ஆளைப் போலத்தான். அந்தச் சேதி உள்ளே ஒருவர் மாற்றி ஒருவராகக் கைமாறிப் போய்ச் சேருகிறது. ஸ்டீராய்டு ஹார்மோன்களும், வைட்டமின் டி-யும், வைட்டமின் ஏ-யிலிருந்து உண்டாகும் ரெட்டினாயிக் அமிலமும், கொழுப்பமிலங்களும் அப்படியல்ல. கொழுப்பில் கரையும் சிறு மூலக்கூறுகளான இவை, அடுக்களை வரை உரிமையோடு வந்து உலையைத் திறந்து பார்க்கும் நெருங்கிய உறவினரைப் போல, செல்லுக்குள்ளேயே வந்துவிடுகின்றன. அங்கே இவற்றைப் பிடித்துக்கொள்பவைதான் உட்கரு ஏற்பிகள். பிடித்த பிறகு அவை வேறொருவரிடம் சேதி சொல்லி அனுப்புவதில்லை. தாங்களே டிஎன்ஏ-வில் போய் உட்கார்ந்து, எந்த மரபணு படிக்கப்பட வேண்டும், எது படிக்கப்படக் கூடாது என்பதைத் தீர்மானிக்கின்றன.

இந்தப் புரதங்களின் அமைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரியானது. நடுவில் துத்தநாக அணுக்களைப் பிடித்தபடி மடிந்திருக்கும் இரண்டு விரல் போன்ற பகுதிகள் டிஎன்ஏ-வின் குறிப்பிட்ட எழுத்து வரிசையைத் தடவிப் பார்த்து அடையாளம் காண்கின்றன. அதற்கு அப்பால் ஒரு பை போன்ற பகுதி இருக்கிறது. ஹார்மோனோ கொழுப்பமிலமோ வந்து அமர்வது அந்தப் பைக்குள். அமர்ந்ததும் புரதத்தின் வடிவம் சற்றே மாற, அதுவரை ஒட்டிக்கொண்டிருந்த துணைப் புரதங்கள் விலகி வேறு துணைப் புரதங்கள் வந்து ஒட்டுகின்றன. மனிதரிடம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த 48 மரபணுக்கள் இருக்கின்றன.

எல்வுட் ஜென்சன் 1950-களின் இறுதியில் கதிரியக்கக் குறியிட்ட ஈஸ்ட்ரோஜனைக் கொண்டு, அந்த ஹார்மோனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் புரதம் ஒன்று கருப்பை போன்ற திசுக்களில் இருப்பதைக் காட்டினார். 1985-இல் ரொனால்டு எவான்ஸின் ஆய்வுக்குழு கார்ட்டிசால் என்ற ஸ்டீராய்டு ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பியின் மரபணுவைப் பிரித்தெடுத்தது. பியர் ஷாம்போன் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை அதே காலத்தில் பிரித்தெடுத்தார். இம்மூவருக்கும் 2004-இல் லாஸ்கர் விருது கிடைத்தது. ஒரு மரபணு கையில் கிடைத்ததும் அதே சாயலுள்ள மற்றவற்றைத் தேடுவது எளிதாகிவிட, எதைப் பிடிக்கின்றன என்றே தெரியாத ஏற்பிகள் வரிசையாக அகப்பட்டன. அவற்றுக்கு 'அநாதை ஏற்பிகள்' என்றே பெயர் வைத்தார்கள். அவற்றில் சிலவற்றுக்குப் பின்னர் உரிய மூலக்கூறு கண்டுபிடிக்கப்பட்டபோது, அந்த மூலக்கூறு ஹார்மோனாக இல்லாமல் நாம் தினமும் சாப்பிடும் கொழுப்பின் ஏதோ ஒரு வடிவமாக இருந்தது. உணவையே சேதியாக வாசிக்கும் புரதங்கள் நம் செல்களுக்குள் இருக்கின்றன என்பது அப்போதுதான் தெளிவானது.

முதலில் சொன்ன பிரட்னிசலோனுக்குத் திரும்புவோம். அட்ரினல் சுரப்பி இயல்பாகச் சுரக்கும் கார்ட்டிசாலைப் பிடிப்பது குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பி. பிரட்னிசலோனும் டெக்ஸாமெத்தசோனும் அதே ஏற்பியில் அமரும் மருந்துகள். அழற்சி நடந்துகொண்டிருக்கும் மூட்டில் இருக்கும் ஒரு மேக்ரோபேஜைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மேக்ரோபேஜ் என்பது கிருமிகளையும் இறந்த செல்களையும் விழுங்கிச் செரிக்கும் பெரிய செல். அதன் உட்கருவுக்குள் என்எஃப் கப்பா பி என்ற புரதம் புகுந்து, டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிச் சேதிப் புரதங்களுக்கான மரபணுக்களை ஓயாமல் இயக்கிக்கொண்டிருக்கிறது. குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பியோ உட்கருவுக்கு வெளியே, சில காவல் புரதங்களின் பிடியில் சும்மா இருக்கிறது. மருந்தின் ஒரு மூலக்கூறு வந்து அதன் பைக்குள் அமர்ந்ததும் காவல் விலகுகிறது. ஏற்பி உட்கருவுக்குள் நுழைகிறது.

நுழைந்த பிறகு அது செய்வது ஒரு வேலையல்ல. அழற்சிக்குத் தடை போடும் புரதங்களின் மரபணுக்களை அது இயக்கிவிடுகிறது. அவற்றில் ஒன்று என்எஃப் கப்பா பி-யையே கட்டிப்போடும் புரதம். இன்னொரு பக்கம், என்எஃப் கப்பா பி உட்கார்ந்திருக்கும் இடத்துக்கே போய், பக்கத்தில் நின்று அதன் வேலையைக் கெடுக்கிறது. நோயெதிர்ப்புச் செல்களில் இன்னொரு வகையான டி செல்களிலோ அது இன்னும் கடுமையாக நடந்துகொள்கிறது. போதுமான அளவு மருந்து இருந்தால் பல டி செல்கள் தாங்களாகவே மடியும்படி செய்துவிடுகிறது. மரபணு படிக்கப்பட்டுப் புரதம் உருவாகவோ, ஏற்கெனவே இருக்கும் புரதம் தேய்ந்து தீரவோ நேரம் பிடிக்கும் என்பதால்தான், வலி மாத்திரை போல அரை மணியில் இல்லாமல், ஸ்டீராய்டு வேலை செய்யச் சில மணி நேரம் ஆகிறது. இடையில் ஒரு செய்தி: ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருப்பவரின் ரத்தப் பரிசோதனையில் வெள்ளையணுக்களின் மொத்த எண்ணிக்கை கூடியிருப்பதைக் கண்டு, கிருமித் தொற்றோ என்று பலரும் பதறுகிறார்கள். ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளையணுக்கள் பிடி தளர்ந்து ரத்த ஓட்டத்தில் கலந்துவிடுவதாலும் அந்த எண்ணிக்கை கூடும்.

இதே ஏற்பி கல்லீரல் செல்லில் அமினோ அமிலங்களிலிருந்து குளுக்கோஸைத் தயாரிக்கும் நொதிகளின் மரபணுக்களை இயக்குகிறது; அதற்குத் தேவையான அமினோ அமிலங்களைத் தசைப் புரதங்களை உடைத்து அனுப்ப வைக்கிறது; தசையும் கொழுப்புத் திசுவும் குளுக்கோஸை எடுத்துக்கொள்வதைக் குறைக்கிறது. பட்டினியோ காயமோ நேர்ந்த நாளில், மூளைக்குச் சர்க்கரை தட்டுப்படாமல் பார்த்துக்கொள்வதும், ஆற்றலை ஏராளமாக விழுங்கும் நோயெதிர்ப்பு வேலைகளைச் சற்று அடக்கி வைப்பதும் ஒரே முடிவின் இரு பகுதிகள் என்று பார்த்தால் இந்த இணைப்பு விசித்திரமாகத் தோன்றாது. குளுக்கோகார்ட்டிகாய்டு என்ற பெயரிலேயே குளுக்கோஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இவை சர்க்கரையைப் பாதிப்பவை என்பதுதான் முதலில் தெரிந்தது. அழற்சியை அடக்கும் ஆற்றல் உலகுக்குத் தெரிந்தது, 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் மூட்டுவாத நோயாளி ஒருவருக்கு ஃபிலிப் ஹெஞ்சின் குழு கார்ட்டிசோன் என்ற, கார்ட்டிசாலுக்கு நெருங்கிய ஸ்டீராய்டைக் கொடுத்துப் பார்த்த பிறகுதான். 1950-இல் ஹெஞ்சும் எட்வர்டு கெண்டலும் டாடியஸ் ரைக்ஸ்டைனும் நோபல் பரிசு பெற்றார்கள்.

இந்த ஏற்பியின் இரண்டு முகங்களையும் நாம் கொரோனா காலத்தில் ஒருசேரப் பார்த்தோம். கொரோனா நோயாளிகளிடம் மருந்துகளைச் சோதித்த பிரிட்டனின் ரெகவரி சோதனையின் முடிவு 2020 ஜூனில் வெளியானது. செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தவர்களில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 28 நாள்களுக்குள் 41.4 சதவீதத்தினர் இறந்தார்கள். நாளுக்கு 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் சேர்த்துக் கொடுக்கப்பட்டவர்களில் அது 29.3 சதவீதமாகக் குறைந்தது. ஆக்சிஜனே தேவைப்படாத நோயாளிகளுக்கோ அந்த மருந்தால் பலன் எதுவும் தென்படவில்லை. இந்த வேறுபாட்டில் எனக்கு ஒரு பாடமே அடங்கியிருப்பதாகப் படுகிறது. நோயின் பிற்பகுதியில் நுரையீரலைச் சேதப்படுத்துவது நம்முடைய சொந்த அழற்சி என்பதால் அப்போது அதை அடக்குவது உயிர் காக்கிறது. முற்பகுதியில் வைரஸோடு போராட அதே அழற்சிதான் வேண்டியிருக்கிறது. 2021-இன் இரண்டாம் அலையில் இந்தியாவில் தேவையில்லாதவர்களுக்கும், தேவைக்கு அதிகமான அளவிலும் நாள்களிலும் ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டபோது மறுமுகம் தெரிந்தது. ஏறிய சர்க்கரையும் அடங்கிய நோயெதிர்ப்பும் சேர்ந்த உடலில் மியூக்கர்மைகோசிஸ் என்ற கரும்பூஞ்சை மூக்கிலிருந்து கண்ணுக்கும் மூளைக்கும் பரவியது. அந்த ஆண்டு மே மாதம் தமிழ்நாடு அரசு அதை, கண்டவுடன் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. நீரிழிவு முன்பே இருந்தவர்கள்தான் இதில் மிகுதியாகச் சிக்கினார்கள்.

இதுவரை பார்த்தது ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பி. உணவின் கொழுப்பை வாசிக்கும் ஏற்பிகளில் நன்கு ஆராயப்பட்டது பிபார் காமா. கொழுப்புச் செல் உருவாவதற்கே இது இன்றியமையாதது. கொழுப்பமிலங்களும் அவற்றின் வழிப்பொருள்களும் இதன் பைக்குள் அமர்கின்றன. மேக்ரோபேஜ்களிலும் இது இருக்கிறது என்பதுதான் நம் பேச்சுக்கு முக்கியம்.

தொப்பையின் கொழுப்பை உயிரற்ற சேமிப்பு மூட்டை என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. பருமனான எலிகளின் கொழுப்புத் திசுவே டிஎன்எஃப்-ஐச் சுரக்கிறது என்றும், அது இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது என்றும் 1993-இல் கோகான் ஹோட்டாமிஸ்லிகிலும் புரூஸ் ஸ்பீகல்மனும் காட்டினார்கள். பத்தாண்டு கழித்து, பருமன் கூடும்போது கொழுப்புத் திசுவில் மேக்ரோபேஜ்கள் கூட்டமாகக் குடியேறுகின்றன என்பது தெரியவந்தது. அந்தத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால், அளவுக்கு மீறி ஊதி இறந்துபோன ஒரு கொழுப்புச் செல்லைச் சுற்றி மேக்ரோபேஜ்கள் நெருக்கமாக வளையம் கட்டி உட்கார்ந்திருக்கும். ஆய்வாளர்கள் அதைக் கிரீடம் போன்ற அமைப்பு என்கிறார்கள். காயமும் இல்லை, கிருமியும் இல்லை. ஆனாலும் அழற்சி அணையாமல், வலிக்காமல், ஆண்டுக்கணக்கில் புகைந்துகொண்டே இருக்கிறது. ரத்தத்தில் இன்சுலின் இருந்தும் தசையும் கல்லீரலும் அதைச் சரியாகக் கேட்காமல் போவதற்கு இந்தப் புகைச்சலும் ஒரு காரணம்.

மேக்ரோபேஜுக்குள் பிபார் காமா இயங்கினால் அந்தச் செல்லின் போக்கே மாறுகிறது. சண்டையிடும் மேக்ரோபேஜ் குளுக்கோஸை அவசர அவசரமாக எரிக்கும். திசுவைப் பழுதுபார்க்கும் மேக்ரோபேஜ் கொழுப்பமிலத்தை நிதானமாக எரிக்கும். மேக்ரோபேஜ்கள் இந்த இரண்டு வகைகளில் கச்சிதமாக அடங்கிவிடுவதில்லை என்றாலும், முதல் பாடத்துக்கு இந்தப் பிரிவு போதும். கொழுப்பை எரிப்பதற்கான மரபணுக்களை இயக்குவதன் மூலம் பிபார் காமா செல்லை இரண்டாவது போக்கின் பக்கம் சாய்க்கிறது. கூடவே, அழற்சி மரபணுக்களின் மேல் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் அடக்கிப் புரதங்களை அங்கிருந்து எழுந்து போக விடாமல் பிடித்தும் வைக்கிறது. ஒரு செல் எதைத் தின்கிறது என்பதும் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதும் இங்கே ஒரே பேச்சாகிவிடுகின்றன.

நம் ஊர் மருந்துக்கடைகளில் கிடைக்கும் பியோகிளிட்டசோன் என்ற நீரிழிவு மாத்திரை இந்த ஏற்பியில்தான் அமர்கிறது. இன்சுலினுக்கு உடல் மறுபடி செவிசாய்க்க அது உதவுகிறது. ஆனால் பிபார் காமா சிறுநீரகத்திலும் எலும்பு மஜ்ஜையிலும்கூட இருப்பதால், உடலில் நீர் சேர்கிறது, எடை கூடுகிறது. மஜ்ஜையில் எலும்புச் செல்லாக வளர வேண்டிய மூலச் செல்கள் கொழுப்புச் செல்லாகத் திரும்பிவிடுவதால் எலும்பு முறியும் வாய்ப்பும் கூடுகிறது. இதே வகையைச் சேர்ந்த ரோசிகிளிட்டசோன் இதய நலக் கவலைகளால் 2010-இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. பியோகிளிட்டசோனுக்கு, சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பற்றிய ஐயத்தால் 2013 ஜூனில் தடை வந்து, மருத்துவர்களின் எதிர்ப்புக்குப் பின் அடுத்த மாதமே எச்சரிக்கைக் குறிப்போடு விலக்கப்பட்டது.

கொலஸ்டிரால் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பி எல்எக்ஸ்ஆர். ரத்தக்குழாய்ச் சுவரில் படியும் கொலஸ்டிராலையும் இறந்த செல்களையும் மேக்ரோபேஜ்தான் விழுங்குகிறது. விழுங்கிய கொலஸ்டிரால் மிகும்போது அதன் ஆக்சிஜனேற்ற வடிவங்கள் எல்எக்ஸ்ஆரின் பைக்குள் அமர, அது கொலஸ்டிராலைச் செல்லுக்கு வெளியே தள்ளும் பம்புப் புரதங்களை உருவாக்கச் சொல்கிறது. அப்படி வெளியேறுவதை, 'நல்ல கொலஸ்டிரால்' என்று சொல்லப்படும் எச்டிஎல் சுமந்து செல்கிறது. வயிறு நிறைந்த செல் சண்டைக்குப் போகாமலிருக்க வேண்டும் என்பது போல, அதே வேளையில் பல அழற்சி மரபணுக்களையும் அது அடக்குகிறது. உள்ளே வருவது வெளியேறுவதை விஞ்சினால் மேக்ரோபேஜ் கொழுப்புத் துளிகளால் நிரம்பி நுரைச் செல்லாகி, மாரடைப்புக்கு வித்திடும் படிவின் பகுதியாகிவிடும். அப்படியானால் எல்எக்ஸ்ஆரைத் தூண்டும் மருந்து கொடுத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். கொடுத்துப் பார்த்தார்கள். கல்லீரலில் இருக்கும் எல்எக்ஸ்ஆரும் சேர்ந்து தூண்டப்பட்டு, அது கொழுப்பைத் தயாரிக்கத் தொடங்கிவிட, ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஏறியது.

எல்லா உட்கரு ஏற்பிகளும் தணிப்பவை என்று இதற்குள் ஒரு எண்ணம் தோன்றியிருக்கலாம். டி செல்களில் இருக்கும் ரோர் காமா டி அப்படியல்ல. இன்டர்லூக்கின்-17-ஐச் சுரக்கும் டி செல்களை உருவாக்குவதே அதுதான் என்று 2006-இல் தெரியவந்தது. குடலில் பூஞ்சைகளையும் பாக்டீரியாக்களையும் தடுக்கும் அந்தச் செல்கள், தடம் மாறினால் சொரியாசிஸ் என்ற தோல் நோய் போன்றவற்றுக்குக் காரணமாகின்றன.

வைட்டமின் டி ஏற்பியின் கதையோ அதைவிடச் சுவையானது. காசநோய்க் கிருமி மேக்ரோபேஜுக்குள்ளேயே குடியிருப்பது. அதை மோப்பம் பிடித்த மேக்ரோபேஜ், ரத்தத்திலிருந்து வரும் முதிராத வைட்டமின் டி-யை, வழக்கமாக அதை முதிர்விக்கும் சிறுநீரகத்துக்குக் காத்திராமல் தானே முதிர்ந்த வடிவமாக மாற்றிக்கொண்டு, தன் ஏற்பியில் அமர்த்தி, கேத்தெலிசிடின் என்ற கிருமிக்கொல்லிப் புரதத்தைத் தயாரிக்கிறது என்று 2006-இல் ஓர் ஆய்வு காட்டியது. தோலில் வரும் காசநோய்க்கு ஒளிச் சிகிச்சை அளித்ததற்காக நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903-இல் நோபல் பரிசு கிடைத்ததையும், மருந்து இல்லாத காலத்தில் காசநோயாளிகளை வெயிலில் படுக்க வைத்ததையும் நினைத்துப் பார்த்தவர்களுக்கு இது பழைய புதிர் அவிழ்ந்தது போலிருந்தது. ஆனால் இந்தியாவில் பல மையங்களில் காசநோயாளிகளுக்கு வழக்கமான மருந்தோடு வைட்டமின் டி சேர்த்துக் கொடுத்து நடத்தி 2015-இல் வெளியான சோதனையில், சளியிலிருந்து கிருமி விரைவாக மறையவில்லை. செல்லில் தெளிவாகத் தெரிகிற ஒரு வழிமுறை, நோயாளியிடம் மருந்தாகப் பலிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வைட்டமின் டி மாத்திரை எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று அடித்துச் சொல்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு இந்தச் சோதனைதான் நினைவுக்கு வருகிறது. அந்த ஏற்பி மருந்தாகப் பயன்படும் இடமும் உண்டு: சொரியாசிஸுக்குப் பூசும் கால்சிபோட்ரியால் களிம்பு, தோலில் அதே ஏற்பியில் அமர்ந்து வேலை செய்கிறது.

ஸ்டீராய்டின் அழற்சி அடக்கும் வேலையை மட்டும் வைத்துக்கொண்டு சர்க்கரை ஏற்றும் வேலையைக் கழித்துவிட முடியாதா என்று நீண்ட காலமாக முயன்றுவருகிறார்கள். டிஎன்ஏ-வில் நேரடியாக அமர்ந்து மரபணுவை இயக்குவதால் பக்கவிளைவும், பிற புரதங்களின் வேலையைக் கெடுப்பதால் நற்பலனும் வருகின்றன என்று ஒரு கணக்குப் போட்டு, இரண்டாவதை மட்டும் செய்யும் மூலக்கூறுகளைத் தேடினார்கள். ஆனால் அழற்சிக்குத் தடை போடும் சில புரதங்களும் முதல் வழியிலேயே உருவாவதால் அந்தக் கணக்கு நினைத்தபடி சுத்தமாகப் பிரியவில்லை.

அன்றாட மருத்துவம் கண்ட வழி வேறு: ஏற்பியை மாற்ற முடியாவிட்டால் மருந்து போய்ச் சேரும் இடத்தை மாற்றுவது. ஆஸ்துமாவுக்கு இன்ஹேலரில் இழுக்கும் பியூடசோனைடு நுரையீரலில் நேரடியாகப் படிந்து அங்குள்ள நோயெதிர்ப்புச் செல்களின் ஏற்பிகளில் அமர்கிறது. தொண்டையில் தங்கி விழுங்கப்படும் பகுதியில் ஏறத்தாழ 90 சதவீதத்தைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே சிதைத்துவிடுவதால், உடல் முழுவதும் பரவுவது மிகக் குறைவு. மாத்திரையில் ஏறுவது போலச் சர்க்கரை ஏறுவதில்லை. ஆனாலும் இழுத்த கையோடு தண்ணீர் விட்டு வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லி மருத்துவர் வற்புறுத்துகிறார். நாக்கிலும் அண்ணத்திலும் படிந்த மருந்து அங்குள்ள செல்களின் அதே ஏற்பியில் அமர்ந்து காவலைத் தளர்த்திவிட்டால், வாயில் எப்போதும் அடங்கியிருக்கும் கேண்டிடா பூஞ்சை சில நாள்களில் தயிர்த் திட்டுப் போல வெள்ளையாகப் படரத் தொடங்கிவிடும்.